வெட்டுப்பட்ட காட்சிகள்: அமெரிக்கக் குடும்பப் படங்களில் நிறம்

1947இல் ஹால் ரோச் தயாரித்த 'கர்லி' என்ற நகைச்சுவைப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடம், புதிதாக வரும் ஆசிரியை, அவரைச் சீண்டிப் பார்க்கத் திட்டம் போடும் வாண்டுகள். குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரலாம் என்பதற்குமேல் அந்தப் படத்துக்கு வேறு நோக்கம் கிடையாது. ஆனால் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் அதைத் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. படத்தில் ஆபாசம் இல்லை, வன்முறை இல்லை, அரசியல் வசனம் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். நகரத் தணிக்கை வாரியத்தின் தலைவர் லாயிட் பின்ஃபோர்டு அதைத்தான் குற்றமாகக் கண்டார். குழந்தைகளுக்கு இடையே என்றாலும் இரு இனத்தாரும் சமம் என்பதைத் தென்மாநிலங்கள் ஏற்பதில்லை என்று விநியோக நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு எழுத்திலேயே தெரிவித்தார்.

நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. 1949இல் டென்னசி உச்ச நீதிமன்றத்திலும் அதற்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. பின்ஃபோர்டு 1928 முதல் 1955 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1945இல் 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' படத்தையும் அவர் தடுத்திருந்தார். எடி ஆண்டர்சன் நடித்த கறுப்பின வேலைக்காரர் தன் முதலாளியோடு அளவுக்கு மீறிச் சகஜமாகப் பழகுகிறார் என்பது அப்போதைய புகார்.

1940களிலும் 1950களிலும் வந்த அமெரிக்கக் குடும்பப் படங்களின் நிறபேதத்தைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், 'அந்தக் காலம் அப்படி' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. ஆனால் காலம் தானாக எந்தக் காட்சியையும் வெட்டிவிடவில்லை. இன்னின்னார், இன்ன கணக்குப் போட்டு, இன்ன கடிதம் எழுதி எடுத்த முடிவுகள் அவை. அந்த முடிவுகளை அதே ஆண்டுகளிலேயே கண்டித்தவர்களும், வேறு விதமாகப் படம் எடுத்துக் காட்டியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தை நியாயமாக எடைபோட வேண்டுமானால் இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லோருக்குமான படம் என்ற ஏற்பாடு

அமெரிக்காவில் வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை 1968 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த ஒவ்வொரு படமும் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதே விதி. அந்த விதியை எழுதி வைத்த ஆவணம்தான் தயாரிப்பு நெறிமுறைத் தொகுப்பு. 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசஃப் பிரீனின் அலுவலகத்தால் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட அந்தத் தொகுப்பில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைக் காட்டக் கூடாது என்ற தடையும் இருந்தது. 1956 டிசம்பரில்தான் அது நீக்கப்பட்டது. தடை உறவுக்கு மட்டுமே என்று ஏட்டில் இருந்தாலும், நடைமுறையில் அதன் நிழல் நீண்டது. இரு இனத்தாரும் சேர்ந்து வாழும் ஒரு வீட்டை, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வதற்கே எழுத்தாளர்கள் தயங்கினார்கள்.

அடுத்தது வசூல் கணக்கு. தென்மாநிலத் திரையரங்குகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, மேல்மாடியில் தனி இருக்கை. சில ஊர்களில் தனித் திரையரங்கு. அந்தத் திரையரங்குகளின் உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்களே என்ற பயம் ஹாலிவுட்டில் எப்போதும் இருந்தது. எம்ஜிஎம் நிறுவனம் பாடகி லீனா ஹார்னைப் பெருஞ்சம்பளத்தில் ஒப்பந்தம் செய்தது. ஆனால் இசைப் படங்களில் அவருக்குக் கதையோடு ஒட்டாத தனிப் பாடல் காட்சிகளையே பெரும்பாலும் கொடுத்தது. தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். தெற்கில் திரையிடும்போது அந்தச் சுருளை மட்டும் எடுத்துவிட்டால் கதை குறையாது. வெட்டுவதற்கு வசதியாகவே காட்சி அமைக்கப்பட்டது. அதாவது, பின்ஃபோர்டின் கத்தரிக்கோல் மெம்ஃபிஸில் இருந்தாலும் அதன் வேலை கலிஃபோர்னியாவில் திரைக்கதை எழுதும்போதே தொடங்கிவிட்டது.

இதற்கு விலக்காக இருந்தவை ரோச் 1922இல் தொடங்கிய 'அவர் கேங்' குறும்படங்கள். 'கர்லி' அவற்றின் வாரிசு. எர்னி மாரிசன், ஆலன் ஹாஸ்கின்ஸ், மேத்யூ பியர்ட், பில்லி தாமஸ் ஆகிய கறுப்பினச் சிறுவர்கள் அவற்றில் வெள்ளைச் சிறுவர்களோடு ஒரே தெருவில் புரண்டு விளையாடினார்கள். தர்பூசணி, பேய்ப் பயம் என்று கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய கேலிகள் அவற்றில் நிறையவே உண்டு. 1955இல் தொலைக்காட்சிக்குப் போன பிறகு, 1970களில் அவற்றிலிருந்து பல காட்சிகள் நீக்கப்பட்டதற்கு அதுதான் காரணம். இருந்தும், ஒரே கும்பலில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருக்கலாம் என்பதைத் தொடர்ந்து காட்டியவையும் அவையே.

ரீமஸ் மாமா

இந்தக் காலகட்டத்தின் குடும்பப் படங்களில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்டது வால்ட் டிஸ்னியின் 'சாங் ஆஃப் த சவுத்'. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் தொகுத்த முயல், நரி, கரடிக் கதைகளை அடிப்படையாகக் கொண்டு, நடிகர்களையும் கார்ட்டூன்களையும் ஒரே சட்டகத்தில் இணைத்து எடுத்த படம். ஜார்ஜியாவில் ஒரு தோட்டம். பெற்றோர் பிரிந்த துக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சிறுவன் ஜானிக்கு, தோட்டத்தில் வாழும் முதியவர் ரீமஸ் மாமா கதைகள் சொல்லித் தேற்றுகிறார்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். கதை நடப்பது உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலம். அடிமை முறை ஒழிந்துவிட்டது. ஆனால் எந்த ஆண்டு என்பதைப் படம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. மனம் உடைந்த ரீமஸ் மாமா மூட்டையைக் கட்டிக்கொண்டு அட்லாண்டாவுக்கு வண்டி ஏறுகிறார். அடிமைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது என்பதை வைத்துப் பார்வையாளர்தான் காலத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, வயலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பாடிக்கொண்டே நடக்கும் கூலிகள், பெரிய வீட்டை நிமிர்ந்து பார்த்து நெகிழும் முகங்கள் என்று எல்லாம் எஜமானர் காலத்து ஒழுங்கிலேயே இருக்கின்றன. ரீமஸ் மாமாவுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, தனக்கென்று ஒரு துயரம்கூட இல்லை. அவர் மனசு முழுக்க அந்த வெள்ளைச் சிறுவனின் சந்தோஷம்தான்.

இது கவனக் குறைவால் நேர்ந்ததன்று. முதல் திரைக்கதையை எழுதியவர் டால்டன் ரேமண்ட் என்ற தென்மாநிலத்தவர். அது தவறான திசையில் போகலாம் என்று டிஸ்னிக்கே சந்தேகம் இருந்ததால், இடதுசாரிக் கருத்துள்ள யூத எழுத்தாளரான மாரிஸ் ராஃபை அதைத் திருத்த அமர்த்தினார். தெற்கத்திய எழுத்தாளரின் சாய்வைச் சமன்செய்யத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்று டிஸ்னி தன்னிடம் சொன்னதாக ராஃப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் ரேமண்டோடு ஒத்துப்போகாமல் சில வாரங்களில் அவர் படத்திலிருந்து விலகினார். ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட கறுப்பின நடிகர் கிளாரன்ஸ் மியூஸும் தன் யோசனைகள் எடுபடாததால் விலகிக்கொண்டார். எச்சரிக்கைகள் முன்கூட்டியே வந்தன, நிறுவனம் அவற்றைக் கேட்டுக்கொண்டது, பிறகு தன் வழியிலேயே போனது.

படத்தின் முதல் காட்சி 1946 நவம்பர் 12 அன்று அட்லாண்டாவின் ஃபாக்ஸ் திரையரங்கில் நடந்தது. ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட் அங்கே இல்லை. நகரத்தின் நிறப்பிரிவினைச் சட்டங்களின் கீழ், தான் கதாநாயகனாக நடித்த படத்தின் விழாவில் மற்றவர்களோடு அவர் சமமாகக் கலந்துகொள்ள முடியாது. இதே நகரில் 1939 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி நடந்தபோது ஹேட்டி மெக்டானியலுக்கும் இதே கதிதான். சில வாரங்களில் அந்தப் படத்துக்காகவே அவர் ஆஸ்கர் விருது பெற்றார். விருது விழாவிலும் சக நடிகர்களின் மேசையில் அவருக்கு இடமில்லை, ஓரமாகத் தனி மேசை. 'சாங் ஆஃப் த சவுத்' படத்திலும் மெக்டானியல் இருக்கிறார், சமையல்காரியாக.

எதிர்ப்பு உடனே எழுந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயலர் வால்டர் வைட் பத்திரிகைகளுக்குத் தந்தி அனுப்பினார். படத்தின் இசையையும் தொழில்நுட்பத்தையும் பாராட்டிவிட்டு, எஜமானர்–அடிமை உறவை இனிமையானதாகக் காட்டி உண்மையைத் திரிக்கிறது என்று கண்டித்தார். நியூயார்க் உள்ளிட்ட நகரங்களில் திரையரங்கு வாசலில் பதாகைகளோடு மறியல் நடந்தது. கறுப்பினப் பத்திரிகைகளில் விவாதம் கொதித்தது. இதெல்லாம் நடந்தது 1946இல். பிற்காலத்து அளவுகோலைக் கொண்டுவந்து யாரும் பழைய படத்தை அளக்கவில்லை.

மறுபக்கத்தில் நடிகர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். பாஸ்கெட்டும் மெக்டானியலும் படத்தை ஆதரித்தே பேசினார்கள். 1942 முதலே வைட், அரசியல்வாதி வெண்டல் வில்கியோடு சேர்ந்து ஸ்டூடியோ முதலாளிகளைச் சந்தித்து, கறுப்பினத்தவருக்கு மதிப்பான வேடங்கள் வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். வேலைக்காரி, சமையல்காரர், மூட்டை தூக்குபவர் வேடங்களில் பிழைத்துவந்த நடிகர்களுக்கோ, நல்ல வேடம் வருமுன்பே இருக்கிற வேடமும் போய்விடும் என்ற அச்சம். இரு தரப்பின் கவலையும் உண்மையானது. அவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டது, கொடுப்பதற்கு வேறு வேடமே வைத்திராத தொழில்.

சிறு குரல் வேடத்துக்காக வந்து முக்கியப் பாத்திரத்தைப் பெற்றவர் பாஸ்கெட். அதே படத்தில் நரிக்கும் குரல் கொடுத்தவர் அவரே. 1948 மார்ச்சில் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டது; நடிப்புக்காக ஆஸ்கர் கௌரவம் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர். அவ்வாண்டு ஜூலையில் தமது 44ஆம் வயதில் காலமானார். அந்த நடிப்பில் உள்ள கனிவும் குரல்வளமும் இன்று பார்த்தாலும் குறையாமல் இருக்கின்றன. அத்தனை திறமையுள்ள ஒரு கலைஞருக்கு இந்த ஒரு கதவுதான் திறந்தது என்பதே வேதனை.

பேசலாம், காட்டக் கூடாது

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேச ஹாலிவுட் விரும்பியது. 1945இல் மெர்வின் லெராய் இயக்கத்தில் ஃபிராங்க் சினாட்ரா நடித்த 'த ஹவுஸ் ஐ லிவ் இன்' என்ற 10 நிமிடப் படம் அதற்கு நல்ல சான்று. ஒரு யூதச் சிறுவனை மற்ற சிறுவர்கள் துரத்துகிறார்கள். சினாட்ரா குறுக்கே வந்து, மதத்தைக் காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்குவது அமெரிக்கத்தனமே இல்லை என்று எடுத்துச் சொல்லி, பாடுகிறார். படம் சிறப்பு ஆஸ்கரும் பெற்றது.

பாடலை எழுதியவர் ஏபல் மிராபல். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அக்கம்பக்கமாக வாழ்வதைச் சொல்லும் வரிகளை அவர் எழுதியிருந்தார். படத்தில் அந்த வரிகள் இல்லை. திரையரங்கில் அதைக் கண்டு அவர் கோபத்தில் கத்தியதாகச் சொல்லப்படுகிறது. படத்தில் வரும் சிறுவர்கள் அனைவரும் வெள்ளையர். போதாக்குறைக்கு, சகிப்புத்தன்மையைப் போதிக்கும் அதே பேச்சில் ஜப்பானியரைக் குறிக்க ஓர் இழிசொல் வருகிறது. போர்க்காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்திருந்த அரசு, அவர்கள் எல்லோரையும் அதுவரை விடுவித்து முடித்திருக்கவில்லை.

1948இல் ஜோசஃப் லோசி இயக்கிய 'த பாய் வித் கிரீன் ஹேர்' இன்னொரு வழியைப் பிடித்தது. போரில் பெற்றோரை இழந்த சிறுவனின் தலைமுடி ஒரு நாள் காலையில் பச்சையாகிவிடுகிறது. ஊர் அவனைக் கண்டு ஒதுங்குகிறது. பால்காரர் மீது சந்தேகம், பள்ளியில் முணுமுணுப்பு, கடைசியில் தலையை மழித்துவிடச் சொல்லி வற்புறுத்தல். நிறத்தை வைத்து மனிதனை விலக்குவது எவ்வளவு கொடுமை என்பதைக் குழந்தைக்கும் புரியும்படி சொன்ன படம்தான். ஆனால் அந்த நிறம் பச்சை. உண்மையிலேயே நிறத்துக்காக விலக்கப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவன் கதையின் மையத்தில் இல்லை. பாரபட்சத்தைப் பற்றிப் பேசலாம். பாரபட்சத்துக்கு ஆளானவர் திரைக்கு நடுவில் வரக் கூடாது. இந்த இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் நல்ல எண்ணம் கொண்டவர்கள். லோசியும், சினாட்ரா படத்தின் கதையை எழுதிய ஆல்பர்ட் மால்ட்ஸும் தங்கள் அரசியலுக்காகப் பின்னர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு ஹாலிவுட் வாய்ப்புகளை இழந்தார்கள். அப்படிப்பட்டவர்களாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியவில்லை.

வரைந்த முகங்களும் வரைந்த கைகளும்

கார்ட்டூனில் எந்த முகத்தையும் வரையலாம். டிஸ்னியின் 'ஃபேன்டாசியா' (1940) படத்தில் பேத்தோவனின் இசைக்கு ஆடும் குதிரையுடல் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்ய, குளம்பு துடைத்து மெருகேற்ற, சன்ஃபிளவர் என்ற கறுப்புக் குட்டிப் பெண் ஒருத்தி. 1960களின் இறுதியில் மறுவெளியீடு வந்தபோது அவளை நீக்கினார்கள். பின்னர் வந்த பதிப்புகளில், இசை துண்டாகிவிடக் கூடாது என்பதற்காக, சட்டகத்தைப் பெரிதாக்கி அவள் விளிம்புக்கு வெளியே போகும்படி செய்தார்கள். கண்ணில் படாமல் போனாள்; அவள் ஏன் அப்படி வரையப்பட்டாள் என்ற கேள்வியும் அவளோடு போய்விட்டது.

'டம்போ'வில் (1941) இரவு மழையில் சர்க்கஸ் கூடாரம் கட்டும் கறுப்புத் தொழிலாளர்களுக்கு முகமே வரையப்படவில்லை. அதில் வரும் காகங்கள் கறுப்பினத்தவரின் பேச்சுநடையில் பேசுகின்றன. தலைமைக் காகத்துக்குக் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸ் வெள்ளையர். மற்றவை ஹால் ஜான்சன் பாடகர் குழுவின் கறுப்பினக் கலைஞர்கள். அந்தக் காகங்கள்தான் முதலில் கேலி செய்துவிட்டு, பிறகு மனமிரங்கி டம்போவுக்குப் பறக்கக் கற்றுத் தருகின்றன. படத்திலேயே விடுதலையாக வாழும் உயிர்கள் அவைதாம் என்று அவற்றுக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. 'பீட்டர் பேன்' (1953) படத்துக்கு அப்படி வாதாட முடியாது. பூர்வகுடி மக்களைச் சிவப்பு மையில் தோய்த்த பொம்மைகளாக்கி, அவர்கள் தோல் ஏன் சிவந்தது என்று ஒரு முழுப் பாட்டையே அது வைத்திருக்கிறது. 'லேடி அண்ட் த டிராம்ப்' (1955) படத்தின் இரண்டு சயாமியப் பூனைகளுக்கு ஆசியரைப் பகடி செய்யும் கண்களையும் உச்சரிப்பையும் கொடுத்தார்கள்; 2019இல் மறுபடியும் எடுத்தபோது அந்தப் பாட்டை மாற்றினார்கள்.

இதே டிஸ்னி கூடத்தின் உள்ளே வேறொரு வரலாறும் இருந்தது. 'பாம்பி' (1942) படத்தின் காட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையையும் வரையாமல், மூடுபனிக்குள் மரங்கள் கரைந்து நிற்க, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் மான்குட்டி தெளிவாகத் தெரியும். அந்தக் காட்டின் பார்வையைத் தந்தவர் டைரஸ் வாங். சீனாவில் பிறந்து, சீனக் குடியேற்றத் தடைச் சட்டம் அமலில் இருந்த 1920இல் தந்தையோடு அமெரிக்கா வந்து, ஏஞ்சல் தீவுக் குடியேற்ற முகாமில் சிறுவனாகத் தனியே அடைபட்டுக் கிடந்தவர். சோங் வம்சக் காலச் சீன ஓவியங்களிலிருந்து அவர் கற்ற முறை அது. டிஸ்னி ஓவியர்களின் 1941 வேலைநிறுத்தத்தை அடுத்து நிறுவனம் அவரை வெளியேற்றியது. படத்தின் பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே அவர் பெயர் வந்தது. படத்தின் அழகுக்கு அவர் எவ்வளவு காரணம் என்பதை டிஸ்னி நிறுவனம் விருது கொடுத்து ஏற்றுக்கொண்டது 2001இல். 2016இல் 106 வயதில் அவர் மறைந்தார். 1956இல் ஃபிளாய்டு நார்மன் சேர்ந்தபோதுதான் டிஸ்னியில் நிரந்தரப் பணியில் ஒரு கறுப்பின ஓவியர் இடம்பெற்றார்.

பூசிய முகங்கள்

நடிகர்கள் நடித்த படங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. பூர்வகுடி, ஆசியப் பாத்திரம் என்றால் வெள்ளை நடிகருக்கு வண்ணம் பூசிவிடுவது. டிஸ்னியின் 'டோங்கா' (1958) லகோட்டா இளைஞன் ஒருவனின் கதை. நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினரான சால் மினியோ. அதே ஆண்டுகளில் மோஹாக் இனத்தைச் சேர்ந்த ஜே சில்வர்ஹீல்ஸ் 'லோன் ரேஞ்சர்' தொடரில் டோன்டோ என்ற துணைப் பாத்திரமாக, உடைந்த ஆங்கிலம் பேச வைக்கப்பட்டார். பூர்வகுடி நடிகர்களுக்குப் பயிற்சிக் கூடம் ஒன்றை 1960களில் அவரே தொடங்கினார்.

மைசூரில் யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு இந்த வழக்கத்துக்கு அபூர்வமான விதிவிலக்கு. ஜோல்டான் கோர்டா கலிஃபோர்னியாவில் எடுத்த 'ஜங்கிள் புக்' (1942) படத்தில் மௌக்லியாக நடித்தது ஓர் உண்மையான இந்தியச் சிறுவன். ஆனால் அவனைச் சுற்றியிருந்த கிராமத்தார் பாத்திரங்களில் ஜோசஃப் கல்லேயா போன்ற ஐரோப்பிய வம்சாவளி நடிகர்கள். சாபு 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்; போரில் அமெரிக்க விமானப் படையில் பின்புறத் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். வளர்ந்த பிறகும் அவருக்குக் காட்டையும் அரண்மனையையும் விட்டு வெளியே கதை கிடைக்கவில்லை.

1961இல் வந்த 'ஃபிளவர் டிரம் சாங்' ஒரு திருப்பம். சான்ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் சமகாலத்தில் வாழும் சீனக் குடும்பத்தைப் பற்றிய இசைப் படம். நான்சி குவான், ஜேம்ஸ் ஷிகெடா, மியோஷி உமேகி, பென்சன் ஃபாங் என்று ஏறக்குறைய எல்லோரும் ஆசியர். தலைமுறைச் சண்டை, கல்யாணப் பேச்சு, மகனின் காதல் என்று எந்த அமெரிக்கக் குடும்பத்திலும் நடக்கக்கூடியவை அதில் நடந்தன. குறைகளும் உண்டு. சீனரையும் ஜப்பானியரையும் வேறுபாடின்றிக் கலந்தது. மூத்த பெண் பாத்திரத்தில் கறுப்பின நடிகை ஜுவானிட்டா ஹால். நகைச்சுவை வேடத்தில் நடித்த ஜேக் சூ, உண்மையில் கோரோ சுசுகி. ஜப்பானிய அமெரிக்கரான அவர் போர்க்காலத்தில் டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்டு, மேடையில் சீனப் பெயரோடு பிழைத்தவர். படம் 5 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. ஆனாலும், பெரிய ஸ்டூடியோ ஒன்று இதைப் போல ஆசிய அமெரிக்கக் குடும்பக் கதையை எடுக்க 1993இல் 'த ஜாய் லக் கிளப்' வரை 32 ஆண்டுகள் ஆயின.

தேனீக்கள் புகுந்த வகுப்பறை

'பீட்டர் பேன்' வெளியான அதே 1953இல் எம்ஜிஎம் நிறுவனம் 'பிரைட் ரோடு' என்ற சின்னப் படத்தை வெளியிட்டது. லோசியின் பச்சைமுடிப் பையன் படத்தை ஆர்கேஓவில் தொடங்கி வைத்த டோர் ஷேரிதான் அப்போது எம்ஜிஎம்மின் தலைமையில் இருந்தார். மூலக்கதை மேரி எலிசபெத் வ்ரோமனுடையது. அலபாமாவில் பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், தன் வகுப்பறை அனுபவத்திலிருந்து எழுதிய சிறுகதை 1951இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் வந்தது. திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

படத்தின் ஆசிரியை டோரத்தி டாண்ட்ரிட்ஜ். தலைமையாசிரியர், திரையில் முதல்முறையாகத் தோன்றிய ஹாரி பெலஃபான்டே. மக்குப் பையன் என்று மற்ற ஆசிரியர்கள் முத்திரை குத்திவிட்ட சி.டி. என்ற சிறுவனாக ஃபிலிப் ஹெப்பர்ன். அவன் முரடனும் அல்ல, கோமாளியும் அல்ல. அவனுக்குப் பாடப்புத்தகம் ஏறவில்லை. பூச்சியும் புழுவும் தேனீயும் பற்றி எல்லாம் தெரியும். ஆசிரியை அதைக் கண்டுபிடிக்கிறார். அவனுடைய பிரியமான தோழி நோயில் இறந்துபோகிறாள். அவன் யாரோடும் பேசாமல் இறுகிப்போகிறான். பிறகு ஒரு நாள் தேனீக் கூட்டம் வகுப்பறைக்குள் புகுந்துவிடுகிறது. பிள்ளைகள் அலறுகிறார்கள். சி.டி. மட்டும் பதறாமல் ராணித் தேனீயைக் கண்டுபிடித்து, மொத்தக் கூட்டத்தையும் வெளியே அழைத்துப் போகிறான். அந்த நேரத்தில் கேமரா அவன் முகத்தை நிதானமாகப் பார்க்கிறது. தன் அறிவால் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் குழந்தையின் முகம்.

அப்படி ஒரு முகத்துக்கு என்ன மதிப்பு என்பதை அக்காலத்தின் ஓர் ஆய்விலிருந்து புரிந்துகொள்ளலாம். உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு முன்னால் நிறம் மட்டும் வேறான பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் வழக்குத் தீர்ப்பில் அந்த ஆய்வும் ஒரு சான்றாக இடம்பெற்றது. தன்னைப் பற்றிய எண்ணத்தைக் குழந்தை கண்ணில் படுவதிலிருந்தெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. சனிக்கிழமை சினிமாவும் அதில் ஒன்று.

'பிரைட் ரோடு' குறையில்லாத படமன்று. அந்தப் பள்ளி ஏன் கறுப்பினத்தவருக்கு மட்டுமானது என்று அது கேட்பதில்லை. ஓர் அன்பான வெள்ளை மருத்துவரைத் தவிர வெள்ளையர் உலகமே கண்ணில் படுவதில்லை. ஆனால் பள்ளி, கோயில், வீடு, துக்கம், பாசம் எல்லாம் நிரம்பிய ஒரு கறுப்பினச் சமூகத்தை, யாருக்கும் ஊழியம் செய்யாத மனிதர்களாக அது காட்டியது. சிறு பட்ஜெட்டில் எடுக்கப்பட்ட அந்தப் படம் வசூலில் தேறவில்லை.

அது தனியாகவும் நிற்கவில்லை. 1950இல் பேஸ்பால் வீரர் ஜேக்கி ராபின்சன் தன் வாழ்க்கைக் கதையில் தானே நடித்தார். மனைவியாக ரூபி டீ. மைதானத்தில் அவர் கேட்ட வசவுகளை அந்தப் படம் ஓரளவு மறைக்காமல் காட்டியது. 1954இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றி 'கோ, மேன், கோ!' வந்தது. இயக்கியவர் சீனாவில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோ. வெள்ளைப் பெண்ணான சனோரா பேபை 1937இல் பாரிஸில் மணந்த அவருக்கு, கலிஃபோர்னியாவின் கலப்பு மணத் தடை 1948இல் விழும் வரை அந்தத் திருமணத்துக்குச் சொந்த மாநிலத்தில் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

இந்தச் சிறு ஓடை நிற்கவில்லை. 1963இல் 'லிலீஸ் ஆஃப் த ஃபீல்டு' படத்தில் சிட்னி பாய்ட்டியே கன்னியாஸ்திரிகளுக்குக் கோயில் கட்டித் தந்து ஆஸ்கர் பெற்றார். 1969இல் கோர்டன் பார்க்ஸ் தன் கான்சஸ் சிறுவயதை 'த லேர்னிங் ட்ரீ' ஆக்கினார். பெரிய ஸ்டூடியோ ஒன்று கறுப்பின இயக்குநரிடம் ஒப்படைத்த முதல் படம் அது. 1972இல் வந்த 'சவுண்டர்', லூசியானாவின் குத்தகை விவசாயக் குடும்பம் ஒன்றை, அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய் என்று முழுக் குடும்பமாகவே காட்டி, சிறந்த படத்துக்கான பரிந்துரை வரை போனது.

பூட்டி வைப்பதும் பார்க்க வைப்பதும்

'சாங் ஆஃப் த சவுத்' படத்தை டிஸ்னி 1956, 1972, 1980, 1986 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வெளியிட்டுச் சம்பாதித்தது. அமெரிக்காவில் வீடியோவாக மட்டும் ஒருபோதும் வெளியிடவில்லை. 1989இல் டிஸ்னிலாந்தில் அதன் முயலையும் நரியையும் வைத்து நீர்ச்சறுக்கு அமைத்தார்கள்; கதை சொன்ன ரீமஸ் மாமா அதில் இல்லை. 2024இல் அந்தச் சறுக்கு, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் பெயருக்கு மாறியது. படம் தங்கள் இணையச் சேவைக்கு வராது என்று 2020இல் நிறுவனத் தலைவர் பாப் ஐகர் அறிவித்தார். 'டம்போ', 'பீட்டர் பேன்' போன்றவற்றுக்கு முன்னால், இவற்றின் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு 2020இல் சேர்க்கப்பட்டது.

அன்றும் தவறு என்று டிஸ்னியே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அறிவிப்பு ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம் என்று விவாதம் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. பூட்டிய படத்தோடு வால்டர் வைட்டின் தந்தியும், வாசலில் நின்ற மறியல்காரர்களின் குரலும், பாஸ்கெட்டின் நடிப்பும் சேர்ந்தே உள்ளே போய்விடுகின்றன. அவையெல்லாம் உடன்வர, வளர்ந்தவர்கள் பார்த்து விவாதிக்கும்படி அந்தப் படம் வெளியே வரவேண்டும். அதைவிட அவசரமான வேலை, மறந்துபோனவற்றை மீட்பது. 1950களின் சிறந்த குடும்பப் படங்கள் என்று தொலைக்காட்சிகளும் இணையச் சேவைகளும் வெளியிடும் பட்டியல்களில் 'பீட்டர் பேன்' தவறாமல் இருக்கிறது. அதே 1953இல் மேரி எலிசபெத் வ்ரோமன் தன் வகுப்பறையிலிருந்து கொண்டுவந்த கதைக்கும் அந்தப் பட்டியல்களில் இடம் வேண்டும். இன்றைய குழந்தைகள் இரண்டையும் பார்க்கட்டும்; எது 'அந்தக் காலம்' என்ற கேள்விக்கு அவர்களுக்கு முழுமையான பதில் கிடைக்கும்.